கட்டி என்றதும் கலங்கலாமா?

ஜுரம் என்றால் நம் வீடுகளில் கஷாயம் தேடுகிறோம்; இருமல் என்றால் மிளகைத் தேடுகிறோம். "கட்டி" என்ற சொல் காதில் விழுந்தால் மாத்திரம் கை கால் ஓடுவதில்லை. அதிலும் அந்தக் கட்டி ஒரு பெண்ணின் அடிவயிற்றில் இருப்பதாக யாரேனும் சொல்லிவிட்டால், ஒன்று, வீட்டில் அழுகை எழுகிறது. அல்லது அழுகையைவிட அபாயகரமான மௌனம் குடிபுகுகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நாம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள், நம்மிடம் முன்பு படித்த பெண் ஒருத்தியின் தாயார் வாயிற்படியில் வந்து நின்றார். கையில் ஆஸ்பத்திரி உறை, முகத்தில் இரத்தமில்லை. பெண்ணுக்கு வயது 19. அடிவயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்ததில், வலப்புறச் சினைப்பையில் 4 சென்டிமீட்டர் அளவுள்ள நீர்க்கட்டி ஒன்று இருப்பதாகத் தெரிந்ததாம்.

"டீச்சரம்மா, இது வெளியே தெரிந்தால் இவளை யார் கட்டிக்கொள்வார்கள்? என் நாத்தனார் உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல்கிறாள். மாமியாரோ யாருக்கும் தெரியாமல் நாட்டு மருந்து கொடுக்கலாம் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்றார்.

உறையைத் திறந்து பார்த்தோம். காகிதத்தின் அடியில், "கவலைக்கு இடமில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்" என்று வைத்தியர் தம் கைப்பட எழுதியிருந்தார். "கட்டி" என்ற சொல்லைக் கண்டதும் கண் இருண்டுவிட்டபடியால், அதற்குக் கீழே இருந்த வரியை அந்த வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை!

நாம் வைத்தியரல்ல. ஆயினும், வைத்தியர் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிப்பதை நிதானமாக விரித்துச் சொல்வது உபாத்தியாயர்களின் தொழிலல்லவா? அன்று அந்த அம்மாளுக்குச் சொன்னதையே இவ்வாரம் நம் வாசக சகோதரிகளுக்கும் சொல்ல விரும்புகிறோம். குடும்பத் தலைவர்களும் இதைப் படிப்பார்களாயின் பாதகமில்லை. பெரும்பாலான வீடுகளில் "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று தீர்மானிக்கிறவர்கள் இன்னும் அவர்களேயன்றோ?

முதலில் சினைப்பை என்பது இன்னதென்று அறிவோம். கருப்பையின் இரு பக்கங்களிலும், ஓட்டோடு கூடிய வாதுமைக்கொட்டையின் அளவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. பெண்ணின் கருமுட்டைகள் இவற்றில்தான் தங்குகின்றன. மாதந்தோறும் ஒரு முட்டையைச் சுற்றி நீர் நிறைந்த சிறு குமிழ் ஒன்று வளர்கிறது. அது சுமார் 2 சென்டிமீட்டர் வளர்ந்ததும் வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. ஆகவே, சினைப்பையில் நீர்க்குமிழ் உண்டாவது வியாதியன்று. அதுவே அதன் நித்திய உத்தியோகம்.

சில மாதங்களில் இந்த உத்தியோகத்தில் சிறு பிசகு நேர்கிறது. வெடிக்கவேண்டிய குமிழ் வெடிக்காமல் மேலும் வளர்கிறது. அல்லது வெடித்த இடம் மறுபடி மூடிக்கொண்டு உள்ளே நீரோ இரத்தமோ தேங்குகிறது. மாதவிலக்கு நடைபெறும் வயதில் காணப்படும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவை அழையாமல் வந்த விருந்தாளிகள். இரண்டு மூன்று மாதவிலக்குகளுக்குள் சொல்லாமலே போய்விடும். எத்தனையோ ஸ்திரீகளுக்கு இவை வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை.

வேறு சில கட்டிகள் தாமே போகாதவை. பாலூட்டும் மருத்துவச்சி முதல் பெரிய ஸர்ஜன் வரை எல்லோரையும் ஒரு காலத்தில் திகைக்க வைத்த "டெர்மாய்டு" கட்டி அவற்றில் ஒன்று. அதைத் திறந்தால் உள்ளே கொழுப்பும், மயிரும், சில சமயம் பல்லும் இருக்கும்! இதைக் கேட்டதும் சிலர் செய்வினை என்பார்கள். உண்மை அதுவன்று. உடம்பின் எல்லா உறுப்புக்களையும் உண்டாக்கவல்ல சக்தி கருமுட்டைக்கு உண்டு. அந்தச் சக்தி இடமும் காலமும் தவறி விழித்துக்கொண்டதன் விளைவே இது. இளம் பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. பெரும்பாலும் சாதுவான கட்டி.

மற்றொன்று "சாக்லேட் கட்டி" எனப்படுவது. கருப்பையின் உட்புறத்தில் இருக்கவேண்டிய திசு சினைப்பையில் வளர்ந்து, உள்ளே இரத்தம் தேங்கி, நாளடைவில் கரும்பழுப்பு நிறக் குழம்பாக மாறுகிறது. பெயரில் உள்ள இனிப்பு நோயில் இல்லை. மாதந்தோறும் கடும் வலி, சிலருக்குக் குழந்தைப் பேற்றில் தாமதம் ஆகியவை இதன் அடையாளங்கள். "பெண்ணாய்ப் பிறந்தால் வலி பொறுக்கத்தான் வேண்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வாக்கினால், பல பெண்கள் இந்த நோயை வருஷக்கணக்கில் மறைத்துச் சுமக்கிறார்கள். மாதாமாதம் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாதபடி ஒரு பெண் துடிக்கிறாள் என்றால், அது பொறுக்கவேண்டிய வலி அன்று, விசாரிக்கவேண்டிய வலி.

இவை தவிர, நீரோ வழுவழுப்பான திரவமோ நிரம்பி, பூசணிக்காய் அளவு வளரக்கூடிய கட்டிகளும் உண்டு. இவற்றிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும், விட்டால் வளர்ந்துகொண்டே போகும்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். பி.சி.ஓ.எஸ். என்று இக்காலத்தில் அடிக்கடி பேசப்படும் கோளாறையும் நம்மவர் "நீர்க்கட்டி" என்றே சொல்கிறார்கள். ஆனால் அதில் தெரிபவை சில மில்லிமீட்டர் அளவேயுள்ள, முதிராத பல முட்டைக் குமிழ்கள். மாதவிலக்கு தள்ளிப் போவது, முகத்தில் ரோமம், முகப்பரு முதலியவை அதன் குறிகள். அது உடம்பின் சுரப்பிகளில் ஏற்பட்ட ஒழுங்கீனம். உணவு, உடற்பயிற்சி, மருந்து இவற்றால் சரிப்படுத்தவேண்டியது. அந்தக் குமிழ்களைக் கத்தியால் அகற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஒரே பெயரைச் சுமக்கும் இரண்டு வியாதிகளை ஒன்றென்று எண்ணி, ஒருத்தியின் மருந்தை மற்றொருத்தி வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவு பேதைமை!

கட்டி இருக்கிறதா என்பதைவிட அது எவ்வகைக் கட்டி என்பதே முக்கியம் என்பதை மனித சமூகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் அமெரிக்காவில், கெண்டக்கி மாகாணத்தில், 1809-ஆம் வருஷம் எழுதப்பட்டது. ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்மணியின் வயிறு நாளுக்கு நாள் பெருத்து வந்தது. கர்ப்பம் என்றும் நாள் கடந்துவிட்டது என்றும் உள்ளூர் வைத்தியர்கள் கருதினார்கள். எஃப்ரெய்ம் மக்டவல் என்ற டாக்டர் வந்து பார்த்து, இது கர்ப்பமன்று, சினைப்பைக் கட்டி என்று கண்டார். வயிற்றைத் திறந்து அதை எடுத்து எவரும் அதுகாறும் பிழைத்ததில்லை. "இது ஒரு பரீட்சையே, சம்மதமானால் என் ஊருக்கு வாருங்கள்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மாள் சுமார் 60 மைல் குதிரைமீது பிரயாணம் செய்து டான்வில் நகரை அடைந்தார். மயக்க மருந்து ஈதர் பிரசித்தமாவதற்கு இன்னும் 37 வருஷம் இருந்தது! முழு நினைவோடு, 25 நிமிஷம், அந்தக் கத்தியை அவர் தாங்கினார். எடுத்த கட்டியும் நீரும் சேர்ந்து 22½ பவுண்டு, அதாவது சுமார் 10 கிலோ. ஐந்தாம் நாள் டாக்டர் பார்க்கப் போனபோது அவர் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். அதன் பின் அவர் 32 வருஷம் ஜீவித்திருந்தார்.

நம் நாட்டில் தடையாக நின்றது கத்திப் பயம் மாத்திரமல்ல, கூச்சமும்தான். ஆண் வைத்தியர் பார்ப்பதைவிட மரணமே மேல் என்று எண்ணிய ஸ்திரீகள் சென்னையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரு பாரிஸ்டரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது இதைக் கண்டு மனம் பொறாமல், 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாமே மாணவியாகச் சேர்ந்தார். பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-ல் கோஷா ஸ்திரீகளுக்கும் ஜாதி ஆசாரம் பார்க்கும் ஸ்திரீகளுக்கும் என்று தனி ஆஸ்பத்திரி ஏற்படக் காரணமாயிருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்பது அந்த ஆஸ்பத்திரியே. ஆனால் அன்னியர் ஒருவர் வந்து செய்ததோடு நம் கடமை தீர்ந்ததா? அதே கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைத் துக்கமாகவே வைத்துக்கொள்ளாமல், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள். உள்ளே நுழையவேண்டியது நாம்.

இன்று நுழைபவர்களுக்குக் குதிரைப் பிரயாணமும் வேண்டாம், திறந்து பார்க்கும் பரீட்சையும் வேண்டாம். இதற்குக் காரணமானவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்டு. கொதிகலன்களின் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலைகளால் சோதிக்கும் யந்திரம் ஒரு தொழிற்சாலையில் இருப்பதை அறிந்த அவர், 1955-ல் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விட்டார்! நீர்க்கட்டியில் ஒலி தடையின்றிச் சென்று மறுபக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பியது. சதைக்கட்டியிலோ வழி நெடுக எதிரொலித்தது. நீரையும் சதையையும் வெளியிலிருந்தே பிரித்தறியும் வழி கிடைத்துவிட்டது. வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணியை அவர் இம்முறையில் சோதித்தார். உள்ளே இருந்தது பெரியதொரு சினைப்பை நீர்க்கட்டி. அதை எடுத்ததும் அவர் பிழைத்துக்கொண்டார். 1958-ல் டொனால்டும் அவர் சகாக்களும் இம்முறையை உலகுக்கு வெளியிட்டார்கள். இன்று தாலுகா ஊர்களிலும் நடைபெறும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் அதுவே. இதில் எக்ஸ்ரே கிடையாது. மணமாகாத பெண்களுக்கு, நீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பியபின், வயிற்றின் மேலேயே கருவியை வைத்துப் பார்த்துவிடுவார்கள்; கூச்சத்துக்கு இடமே இல்லை.

ஸ்கேனில் வைத்தியர் பார்ப்பது அளவை மாத்திரமல்ல. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்புக்கள் இல்லை என்றால் அது நல்ல அடையாளம். தடித்த தடுப்புக்கள், உள்ளே சதைப் பகுதி, அதில் இரத்த ஓட்டம், வயிற்றில் நீர்க்கோவை ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. மாதவிலக்கு நிற்காத வயதில், 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தெளிந்த நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் யாதொரு சிகிச்சையும் வேண்டியதில்லை. 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்து வரலாம். அதற்கு மேற்பட்டால் மேற்கொண்டு சோதனையோ ரண சிகிச்சையோ பற்றி யோசிப்பார்கள். மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது மாதவிலக்கு முடிந்தவுடன் எடுப்பது நல்லது. புதிதாய் வளரும் குமிழைப் பழைய கட்டி என்று மயங்க நேராது.

சி.ஏ. 125 என்றொரு இரத்தச் சோதனையும் உண்டு. இதில் அளவு கூடியிருந்தால் புற்றுநோய் என்று பலர் நடுங்குகிறார்கள். மாதவிலக்கு நாட்களிலும், சாக்லேட் கட்டியிலும், கருப்பைக் கட்டியிலும், நம் நாட்டில் அபூர்வமல்லாத வயிற்று க்ஷயரோகத்திலும்கூட அது கூடும். மாதவிலக்கு நின்றபின்தான் அதன் சாட்சியத்துக்குக் கனம் அதிகம்.

சிகிச்சை விஷயத்தில் மூன்று மயக்கங்களை நீக்கிக்கொள்ளவேண்டும். முதலாவது, கஷாயத்தினால் கட்டி கரைந்தது என்பது. தானே போகவேண்டிய கட்டி மூன்று மாதத்தில் போகிறது. மருந்து விற்றவர் தொண்ணூறு நாள் பத்தியம் சொல்லியிருப்பார். கீர்த்தி யாருக்குப் போய்ச் சேரும் என்று சொல்லவேண்டுமா? கர்ப்பத்தடை மாத்திரையும், உள்ள கட்டியைச் சீக்கிரம் கரைப்பதில்லை என்றே ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இரண்டாவது, ஆபரேஷன் என்றால் கர்ப்பப்பையே போய்விடும் என்ற பயம். இளம் பெண்களுக்குச் சிறு துவாரங்கள் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியை மாத்திரம் எடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றுவதே முறை. ஒரு சினைப்பையை இழக்க நேர்ந்தாலும் மற்றொன்றால் தாய்மை அடையலாம். மூன்றாவது, ஊசியால் நீரை உறிஞ்சினால் போதும் என்பது. பல கட்டிகள் மறுபடி நிரம்பிவிடும். புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள கட்டியைக் குத்துவதோ நோயைப் பரப்பும் அபாயமுடையது.

காத்திருக்கலாகாத வேளையும் உண்டு. கட்டியின் பாரத்தினால் சினைப்பை தன் காம்பிலே முறுக்கிக்கொள்ளக்கூடும். அப்போது ஒரு பக்கத்து அடிவயிற்றில் திடீரென்று பொறுக்கமுடியாத வலியும் வாந்தியும் உண்டாகும். சில மணி நேரத்தில் முறுக்கைப் பிரித்தால் சினைப்பை பிழைக்கும். விடியட்டும் என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் பிழைக்காது. தலைசுற்றலும் மயக்கமும், வலியோடு ஜுரமும் அவ்வாறே உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகள்.

இனி, இதை எழுத நம்மைத் தூண்டிய மற்றொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் சிற்றன்னை ஒருவர் இருந்தார். மாதவிலக்கு நின்று எட்டு வருஷமாகியிருந்தது. நான்கு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்பார். வயிறு உப்புகிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டியிருக்கிறது என்பார். "வாயுதான்" என்று அவரே வைத்தியமும் சொல்லிக்கொண்டு ஓமத்தைப் போட்டுக் காய்ச்சிய நீரைக் குடித்து வந்தார். படித்த நாமும் "ஆமாம் சித்தி, வாயுவாகத்தான் இருக்கும்" என்றோம். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சினைப்பைப் புற்றுநோய் வயிறு முழுதும் பரவியிருந்தது. அந்த ஏழு மாதத்தை நாம் மறக்கவில்லை.

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்களுக்கே வருவது. மாதவிலக்கு நிற்காத வயதில், தொந்தரவு தரும் சினைப்பைக் கட்டிகள் ஆயிரத்தில் ஒன்றளவே புற்றாக இருக்கின்றன. எனவே பத்தொன்பது வயதுப் பெண்ணின் கட்டிக்கு நடுங்கும் நாம், ஐம்பத்தெட்டு வயதுத் தாயின் வயிற்று உப்புசத்தை அலட்சியம் செய்வது தலைகீழான காரியம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை புதிதாகத் தோன்றி வாரக்கணக்கில் நீடித்தால் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை. அதற்காக, ஒரு குறையும் இல்லாதவர்கள் வருஷந்தோறும் ஸ்கேன் எடுத்துக்கொள்வதாலும் பயனில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த நீண்ட ஆராய்ச்சி, அவ்வித சோதனை உயிர்களைக் காக்கவில்லை என்று 2021-ல் தெரிவித்தது. உடம்பு சொல்லும்போது கேட்பதே வேண்டுவது.

வைத்தியரிடம் போகும்போது மூன்று கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகலாம். இது எவ்வகைக் கட்டி? இதனால் இப்போது ஆபத்து உண்டா? மறுபடி எப்போது பார்க்கவேண்டும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் நாத்தனார் முதல் பக்கத்து வீட்டார் வரை யாருடைய வைத்தியமும் தேவைப்படாது.

நம் மாணவியின் தாயார் சென்ற வாரம் மீண்டும் வந்தார். உறையும் வந்தது. இந்தத் தடவை அடியில் இருந்த வரியை முதலில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வலப்புறச் சினைப்பையில் கட்டி ஏதும் இல்லை. மகிழ்ச்சியோடு எழுந்து போகிறவரை நாம் சற்று நிறுத்தி, "உங்கள் மாமியாருக்கு வயது என்ன? சாப்பாடெல்லாம் சரியாக இறங்குகிறதா?" என்று கேட்டோம்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "கொஞ்ச நாளாகவே வயிறு உப்புசமாக இருக்கிறது என்கிறார்" என்றார்.

மறுநாளே அந்த அம்மாளை அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறோம்.